ஆற்றுக்குக் கடன் கொடுத்த நிலம்

ஞாயிறு, குல்னா

வங்கதேசத்தின் தென்மேற்கில் குல்னா, ஜஷோர், சாத்கிரா மாவட்டங்கள் ஒன்றையொன்று தொடும் பகுதியில் இந்த வாரம் சுற்றப்போகிறேன். கடல் ஓதத்தைத் தாழ்நிலத்துக்குள் வேண்டுமென்றே விட்டு, அது கொண்டுவரும் வண்டலால் நிலத்தை உயர்த்தி, திரும்பிப் போகும் நீரின் வேகத்தால் ஆற்றையும் ஆழமாக்கிக்கொள்ளும் முறை ஒன்று இங்கே உண்டு. உழவர்கள் தங்கள் கையாலேயே செய்து காட்டியது அது. பொறியாளர்கள் பின்னால் வந்து அதற்கு ஓத ஆற்று மேலாண்மை (Tidal River Management) என்று பெயர் வைத்தார்கள். டீக்கடையில் கேட்டாலும் படகில் கேட்டாலும் ‘டி.ஆர்.எம்.’ என்றுதான் சொல்கிறார்கள். அது நீடித்து நிற்கக்கூடியதா என்று ஆராயும் அறிக்கைகளை நிறையப் படித்தாகிவிட்டது. இனி அந்த நிலத்தின் மேல் நடந்து பார்க்க வேண்டும்.

மாலையில் ரூப்சா ஆற்றின் படித்துறைக்குப் போனேன். ஏற்றம் வலுத்திருந்த நேரம். அக்கரைக்கு ஆளேற்றும் படகுகள் முதலில் தெற்கே சாய்ந்து போகின்றன. நீர் வடக்கே தள்ளத் தள்ள ஒதுங்கி, எதிர்த்துறையில் சரியாகச் சேர்ந்துவிடுகின்றன. நாளுக்கு நான்கு முறை திசை மாறும் ஆறு இது. இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். தண்ணீர் கலங்கல் நிறம். ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வைத்தேன். டீ குடித்து முடிப்பதற்குள் அடியில் மெல்லிய மண் படிந்திருந்தது.

கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் வண்டலைக் கீழே கொண்டுவருகின்றன. மேக்னா முகத்துவாரத்தில் கடலில் சேரும் வண்டலில் ஒரு பங்கு கரையோரமாக மேற்கே நகர்ந்து, ஓதத்தோடு இந்த ஆறுகளுக்குள் ஏறுகிறது. ஆகவே இங்கே வண்டல் வருவது கடல் பக்கமிருந்து. மேலிருந்து வரும் நன்னீர் மெலிந்து கிடக்கும் தை முதல் வைகாசி வரை அதன் வரத்து மிகுதி. 1975இல், கங்கையின் குறுக்கே இந்தியா கட்டிய ஃபரக்கா அணை இயங்கத் தொடங்கியபின் கோடைக்கால நன்னீர் இன்னும் குறைந்தது.

ஜமீன் காலத்தில் இங்கே இருந்தவை எட்டு மாதக் கரைகள். நெல் நிற்கும் மாதங்களில் உப்புநீரைத் தடுக்க மண்கரை போடுவார்கள். அறுவடை முடிந்ததும் உடைத்துவிடுவார்கள். மிச்ச மாதங்களில் ஓதம் வயலில் ஏறி இறங்கி வண்டல் விட்டுப்போகும். நிலம் ஆற்றோடு சேர்ந்து உயர்ந்துகொண்டே இருந்தது. 1950இல் ஜமீன்முறை ஒழிந்தது. கரையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போயிற்று. 1954 முதல் 1956 வரை அடுத்தடுத்து வெள்ளம் வந்தது. 1957இல் ஐ.நா. அனுப்பிய க்ரூக் குழு வந்து பார்த்தது. 1960களில் அமெரிக்க உதவியோடு கடற்கரைக் கரைத் திட்டம் தொடங்கியது. ஆறுகளுக்கு இடையில் உள்ள நிலத்தைச் சுற்றி நிரந்தரக் கரை, கரையில் மதகுகள். கரை சூழ்ந்த அந்த நிலங்களை டச்சுக்காரர்களின் சொல்லாலேயே போல்டர் என்றார்கள். தென்மேற்கில் மட்டும் 37 போல்டர்கள். நாடு முழுக்க இன்று 139.

முதல் பதினைந்து, இருபது ஆண்டுகள் விளைச்சல் அள்ளிக் கொடுத்தது என்பதை இங்குள்ள முதியவர்கள் யாரும் மறுக்கவில்லை. கெடுதல் மெதுவாக வந்தது. வயலுக்குள் போக வழியில்லாத வண்டல் ஆற்றுக்குள்ளேயே படிந்தது. ஆற்றின் அடி வயலைவிட உயர்ந்தது. மழைநீர் வடிய வழியில்லாமல் உள்ளேயே தேங்கியது.

திங்கள், டகாதியா பீல்

பீல் என்றால் ஆறுகளுக்கு நடுவே தாழ்ந்து கிடக்கும் அகன்ற நிலம். சுற்றிலும் மேட்டில் ஊர்கள், நடுவில் நெல். துமுரியாவுக்கும் புல்தலாவுக்கும் இடையில் கிடக்கும் டகாதியா பீல் 25ஆம் போல்டரின் பெரும்பகுதி. கல்லூரி ஆசிரியர் ஒருவர் துணைக்கு வந்தார். ஊர்க்காரர்கள் அவரை ‘மாஸ்டர் மஷாய்’ என்று கூப்பிடுவதைக் கேட்டு நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

வழியில் ஓர் இடத்தில் பேட்டரி வேனை நிறுத்தி, “இதுதான் ஹாம்குரா ஆறு” என்றார். பாலம் இருந்தது. பாலத்தின் கீழே வயல் இருந்தது. வயலுக்கு அப்பால் வீடுகள். மதகு வைத்து அடைக்கப்பட்ட கிளைகளால் ஓதம் சுருங்கி, சுருங்கிய ஓதம் வண்டலை வாரிக்கொண்டு போக வலுவில்லாமல், ஆறு தூர்ந்தே போயிற்று. ஆறு செத்துப்போனது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அதன் வயிற்றில் உளுந்து விளைந்து நிற்பதைப் பார்த்தபோது சற்று நேரம் பேச்சு வரவில்லை.

1980களின் தொடக்கத்திலிருந்து டகாதியா பீல் நீருக்குள் கிடந்தது. மழைக்கால வெள்ளம் வடிந்துவிடும், இது வடியவில்லை. ஆண்டு முழுவதும் வீட்டுக்குள் தண்ணீர். கட்டிலுக்கு மேல் கட்டில் போட்டு, அதன் மேல் அடுப்பு. பிணத்தை எரிக்க உலர்ந்த இடம் இல்லாமல் படகில் ஏற்றி நெடுஞ்சாலை வரை கொண்டுபோன கதையை ஒரு மூதாட்டி சொன்னார். எட்டு ஆண்டு நெல்லைக் கண்ணால் காணவில்லை என்றார். பலர் எல்லை தாண்டிப் போய்விட்டார்கள். மனுக்கள், ஊர்வலங்கள், மறியல்கள் எல்லாம் நடந்தன. கடைசியில் 1990 செப்டம்பரில் ஆயிரக்கணக்கானோர் மண்வெட்டியோடு திரண்டு போல்டரின் கரையைச் சில இடங்களில் வெட்டினார்கள். ஓதம் உள்ளே வந்தது. வற்றத்தில் தேங்கிய நீரையும் இழுத்துக்கொண்டு போனது.

அரசு இதைச் சட்டமீறலாகப் பார்த்தது. உழவர்களுக்கோ தாத்தா செய்ததையே செய்ததாக நினைப்பு. இரண்டையும் மாஸ்டர் மஷாய் சொன்னார். ஆனால் அந்த வெட்டு முழு வெற்றி என்று அவர் சொல்லவில்லை. எங்கே வெட்டுவது, எத்தனை அகலம், உள்ளே ஊர்களைச் சுற்றி முதலில் எங்கே கரை போடுவது, எப்போது மூடுவது என்ற திட்டம் இல்லை. வெட்டிய வாயின் அருகே மண் குவிந்து அடைத்துக்கொண்டது. நடுப்பள்ளத்துக்கு அது போய்ச் சேரவில்லை. உப்பு மட்டும் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

இன்று பீலின் பெரும்பகுதி ‘கேர்’ எனப்படும் மீன், இறால் பண்ணைகளாக உள்ளது. வயலைச் சுற்றி வரப்பை உயர்த்தி, உள்ளே நன்னீர் இறாலும் மீனும், வரப்பின் மேல் பந்தலிட்டு அவரை, பாகல், பூசணி. பார்க்க அழகு. பிழைப்பும் நடக்கிறது. ஆனால் ஆயிரம் வரப்புகள் ஆயிரம் சிறு கரைகள். 2024இல் மழை கொட்டியபோது நீர் ஒரு கேரிலிருந்து இன்னொன்றுக்கு ஏறி, பந்தல் அழுகி, மீன் ஓடிப்போய், மாதக்கணக்கில் தேங்கி நின்றது. மண்வெட்டி தூக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் அதே வேதனைக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

செவ்வாய், பபதஹ

பபதஹ என்ற ஊர் வரைபடத்தில் ஒரு புள்ளி. தென்மேற்கு வங்கதேசத்தில் அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்காதவர் இல்லை. அபய்நகர், மணிராம்பூர், கேஷப்பூர் வட்டங்களின் இருபத்தேழு பீல்களின் நீரும் இங்கே உள்ள 21 கண் மதகு வழியாகத்தான் ஹரி ஆற்றுக்கு இறங்க வேண்டும். 1960களில் கட்டிய மதகு. ஓதம் ஏறும்போது கதவு தானாக மூடும், இறங்கும்போது திறக்கும். உப்பு உள்ளே வராது, மழைநீர் வெளியே போகும். தாளில் எந்தக் குறையும் இல்லை.

மதகின் மேல் நின்று இருபுறமும் பார்த்தேன். உள்பக்கம் ஆகாயத்தாமரை மூடிய தேங்கிய நீர். வெளிப்பக்கம் ஆறு இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று சேறு, நடுவில் ஓர் ஓடை. வெளிச்சேறு உள்நீர் மட்டத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக நின்றது. கதவைத் திறந்தாலும் நீர் எங்கே போகும்?

அதனால் சில ஆண்டுகளாக மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். கரை நெடுகக் குழாய்கள். இறைத்த நீரை வாங்கிக்கொள்ள வேண்டிய ஆறே தூர்ந்து கிடக்கும்போது, இறைத்ததில் ஒரு பகுதி மீண்டும் உள்ளே கசிகிறது என்று கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் சொன்னார். சேற்றைத் தோண்டி ஆற்றின் ஓரத்திலேயே போடுவதும் வழக்கம். அடுத்த மழையில் அது திரும்பி உள்ளே இறங்கும். மின்சாரமும் டீசலும் தோண்டும் இயந்திரமும் ஒவ்வோர் ஆண்டும் வேண்டும். ஓதம் நாளுக்கு இரண்டு முறை இலவசமாகச் செய்யக்கூடிய வேலை இது. அந்த ஓதத்தை மதகுக்கு வெளியே நிறுத்திவிட்டு, அதற்குப் பதில் மோட்டாரை நட்டிருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது, மறைப்பதற்கில்லை.

பள்ளிக்கூடம் ஒன்றைப் பார்த்தோம். சுவரில் இடுப்பளவு உயரத்தில் நீர்க்கோடு. அதற்கு மேல் பிள்ளைகள் வண்ணச் சுண்ணாம்பால் மீன் வரைந்திருந்தார்கள்.

புதன், பைனா பீல், கிழக்கு குக்சியா

இந்தப் பயணத்துக்கே காரணம் பைனா பீல்தான். 1994இல் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனோடு குல்னா–ஜஷோர் வடிகால் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. ஏறத்தாழ ஒரு லட்சம் ஹெக்டேர் பரப்புக்கான திட்டம். முதலில் அவர்கள் கொண்டுவந்த தீர்வு ஆற்றின் குறுக்கே இன்னும் பெரிய மதகு. மதகால்தான் கெட்டோம் என்று மக்கள் ஒப்பவில்லை. 1997 அக்டோபர் 29 அன்று ஹரி ஆற்றங்கரையில் பைனா பீலின் கரையை அவர்களே வெட்டினார்கள்.

ஏறத்தாழ 600 ஹெக்டேர் பீல் அது. 2001 வரை, நான்கு ஆண்டுகளுக்குமேல், ஓதம் உள்ளே புகுந்து வெளியேறியது. நடந்தது இதுதான்: ஏற்றத்தில் கலங்கல் நீர் பீலுக்குள் பாய்கிறது. அகன்ற பரப்பில் பரவியதும் வேகம் குறைந்து வண்டல் கீழே உட்காருகிறது. வற்றத்தில் தெளிந்த நீர் மொத்தமும் ஒரே வாய் வழியாக வெளியேற முண்டுகிறது. அந்த விசையில் ஆற்றின் அடி அரிக்கப்பட்டு ஆழமாகிறது. எந்த அளவுக்கு நீர் உள்ளே போகிறதோ அந்த அளவுக்கு ஆறு ஆழமாகும். வெட்டிய சில மாதங்களிலேயே ஹரி ஆற்றில் பெரிய படகுகள் ஓடின. அக்கம்பக்கத்துப் பீல்களின் தேக்கமும் வடிந்தது. திட்டத்தார் வேறு வழியின்றி நிபுணர் குழுவை வைத்து ஆராய்ந்து, மக்கள் செய்ததே சரியான வழி என்று 1998இல் ஏற்றுக்கொண்டார்கள். உலகில் எத்தனை திட்டங்களில் இப்படி நடந்திருக்கும்? மண்வெட்டி பிடித்தவன் சொன்னதைக் கேட்டு வங்கிக் கடன் தன் வரைபடத்தைத் திருத்திக்கொண்டது.

பீலின் வரப்பில் நடந்தோம். வெட்டுவாய் இருந்த பக்கத்தில் நிலம் ஒரு மீட்டருக்குமேல் உயர்ந்திருக்கிறது. அங்கே போரோ என்னும் கோடைநெல் கரும்பச்சையாக நிற்கிறது. ஒரு விவசாயி வரப்பை உதைத்துக் காட்டினார். “இது எங்கள் அப்பா காலத்து நிலம் இல்லை. அது இதற்குக் கீழே கிடக்கிறது.” தெற்குக் கோடிக்குப் போகப் போக நிலம் சரிந்துகொண்டே போகிறது. அங்கே படிந்தது சில அங்குலம்தான். கோடியில் நிலம் வைத்திருப்பவர் அதே நான்கு ஆண்டு உப்புநீரைச் சுமந்தார். அவருக்குக் கிடைத்தது அந்தச் சில அங்குலம். பீலைப் பகுதிகளாகப் பிரித்து முதலில் தூரக் கோடிக்கு வாய்க்காலில் நீரைக் கொண்டுபோய் இறக்கி, பிறகு படிப்படியாக வெட்டுவாய் நோக்கி வர வேண்டும் என்பது எல்லா அறிக்கைகளிலும் இருக்கிறது. செய்வதற்குச் செலவும் பொறுமையும் வேண்டும்.

அதன்பின் கேதாரியா பீலில் 2002 முதல் 2005 வரை செய்தார்கள். அங்கே ஓதத்தை உள்ளே விட்டது பபதஹ மதகின் வழியாக. வாய் குறுகல் என்பதால் வரத்தும் குறைவு. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

கிழக்கு குக்சியா வேறு கதை. ஏறத்தாழ 800 ஹெக்டேர் பீல். 2006இல் ஓதம் உள்ளே விடப்பட்டது. மூன்று ஆண்டு என்று சொன்னது நீண்டுகொண்டே போனது. இங்கேதான் முதன்முறையாக இழப்பீடு தருவதாக அரசு சொன்னது. சொன்னது சரி. வாங்குவதற்கு என்ன வேண்டும் என்று ஒரு திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். பத்திரம், பெயர் மாற்றிய பட்டா, நிலவரி ரசீது, வாரிசுச் சான்று. தாத்தா பெயரிலேயே நிலம் கிடக்கிறது. பங்காளிகளில் இருவர் கல்கத்தா பக்கம் போய்விட்டார்கள். ரசீதுக்காக மாவட்டத் தலைநகருக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். போன நாளின் கூலி போச்சு. அரை ஏக்கருக்கு வரும் தொகையைவிட அலைச்சல் பெரிது. பலர் விட்டுவிட்டார்கள்.

அவர்களாவது நிலம் உள்ளவர்கள். குத்தகைக்கும், விளைச்சலில் பங்கு பிரிக்கும் வாரத்துக்கும் உழுதவர்களுக்கு இழப்பீட்டில் இடமே இல்லை. பீல் நீருக்குள் போனதும் அவர்களுடைய வேலை போயிற்று. ஓதத்தோடு வரும் மீனைப் பிடிக்கலாம் என்று சிலர் வலை வாங்கினார்கள். சில ஆண்டு பிழைத்தார்கள். நிலம் உயர்ந்து திரும்பியபோது குத்தகை விலையும் உயர்ந்திருந்தது. பணம் உள்ளவர்கள் வளைத்துக் கேர் போட்டார்கள். ஒரு பெண்மணி சொன்னார், “எங்கள் தோளில் ஏறித்தான் நிலம் உயர்ந்தது, உயர்ந்தபின் எங்களை இறக்கிவிட்டுவிட்டார்கள்.” இதைவிடச் சரியான மதிப்பீட்டை எந்த ஆய்வறிக்கையிலும் நான் படித்ததில்லை.

அடுத்த முறை கபாலியா பீல் என்று குறித்திருந்தார்கள். குக்சியாவில் நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் கபாலியாக்காரர்கள். 2012இல் வேலை தொடங்க வந்த அதிகாரிகளோடும் அரசியல்வாதிகளோடும் மோதல் ஏற்பட்டு, அடிதடி, வண்டிகள் எரிப்பு. வேலை நின்றது. குக்சியாவும் அதை ஒட்டி முடிவுக்கு வந்தது. வாங்கிக்கொள்ளப் பீல் இல்லாத ஓதம் ஹரி ஆற்றிலேயே வண்டலை இறக்கத் தொடங்கியது. நேற்று பபதஹ மதகடியில் பார்த்த சேறு அந்தக் கணக்கின் தொடர்ச்சி.

கபாலியாக்காரர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று நகரத்தில் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆற்றுக்கு நிலத்தைக் கடனாகக் கொடுக்கச் சொல்கிறோம். பக்கத்து ஊரில் வாங்கிய கடன் திரும்பவில்லை. அவர்கள் கேட்டது நியாயம்.

வியாழன், சுக்நகர், சாகர்தாரி

குல்னா, ஜஷோர், சாத்கிரா சாலைகள் கூடும் ஊர் சுக்நகர். மதியம் ஆட்டுக்கறி. மிளகு இனத்துக் கொடி ஒன்றின் தண்டைத் துண்டு போட்டு வேகவைக்கிறார்கள். சுய்ஜால் என்று பெயர். காரம் தொண்டையில் மெதுவாக ஏறி நெடுநேரம் நிற்கிறது.

ஊருக்கு வெளியே 1971 மே 20 படுகொலையின் நினைவிடம். எல்லையை நோக்கிப் போன அகதிகள் இங்கே பத்ரா ஆற்றங்கரையில் திரண்டிருந்தபோது பாகிஸ்தான் படை சுட்டது. சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். பிணங்களை ஆற்றில் விட்டார்கள். அன்று படகுகள் நெருக்கியடித்து நின்ற பத்ரா இன்று பல இடங்களில் தாண்டக்கூடிய அகலம்.

பிற்பகல் கபதாட்ச ஆற்றங்கரையில் சாகர்தாரி. மைக்கேல் மதுசூதன தத்தர் பிறந்த வீடு. 1848 முதல் 1856 வரை சென்னையில் இருந்து ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் பிழைத்தவர். பிற்காலத்தில் பிரான்சில் வறுமையில் கிடந்தபோது இந்த ஆற்றை நினைத்துப் பதினான்கு வரிப் பாட்டு எழுதினார். அந்தப் பாட்டு இங்கே கல்லில் இருக்கிறது. ஆற்றில் ஆகாயத்தாமரை அடைத்திருந்தது.

வெள்ளி, தாலா, பாக்கிமாரா பீல்

கபதாட்சத்தைக் காப்பாற்ற எடுத்த முயற்சியைப் பார்க்க சாத்கிரா மாவட்டத்துத் தாலா வந்தோம். மேலே மாதாபாங்கா ஆற்றோடு இருந்த தொடர்பு அறுந்ததால் கபதாட்சத்துக்கு மழைநீரைத் தவிர நன்னீர் இல்லை. 2000களில் இந்தப் படுகை ஆண்டுதோறும் மூழ்கியது. 2011இல் சுமார் 262 கோடி டாக்கா திட்டம் வந்தது. ஆற்றைத் தூர்வாருவது ஒரு பாதி. பாக்கிமாரா பீலில் டி.ஆர்.எம். மறு பாதி. பீல் 1,562 ஏக்கர். 2015இல் இணைப்புக் கால்வாய் திறந்து ஓதம் உள்ளே போனது. பலன் உடனே தெரிந்தது. மூழ்கிக் கிடந்த ஊர்கள் அடுத்த மழைகளில் மூழ்கவில்லை. தாலா கடைவீதியில் எவரைக் கேட்டாலும் இதைச் சொல்கிறார்கள்.

இங்கே மக்கள் அமைப்பும் வலுவானது. பானி கமிட்டி என்று ஊர் ஊராகக் குழுக்கள். உத்தரண் என்ற தொண்டு நிறுவனம் அவற்றுக்குத் துணை. கூட்டத்தில் பேசுகிறவர்கள் ஓத அட்டவணையையும் ஆற்றின் குறுக்குவெட்டையும் பொறியாளர் போலச் சொல்கிறார்கள். ஒரு முதியவர் எனக்குக் குறுக்குத் தடுப்பின் கணக்கை விளக்கினார். கோடையில் வண்டல் மிகுந்த ஏற்றம் இணைப்புக் கால்வாயைத் தாண்டி மேலே போனால் மேல் ஆறு தூர்ந்துவிடும். ஆகவே தை மாதம் கால்வாய் வாய்க்குச் சற்று மேலே ஆற்றின் குறுக்கே மண்தடுப்பு போட்டு ஓதம் முழுவதையும் பீலுக்குத் திருப்ப வேண்டும். மழை தொடங்குமுன் தடுப்பை எடுத்துவிட வேண்டும். போடத் தாமதித்தால் ஆறு தூரும். எடுக்கத் தாமதித்தால் ஊர் மூழ்கும். ஒப்பந்தப் புள்ளி, நிதி ஒதுக்கீடு, கையெழுத்து என்று ஏதோ ஒன்றால் சில ஆண்டுகள் தாமதித்தது. “ஓதத்துக்கு நிதியாண்டு தெரியாது, பாபா” என்றார்.

எல்லாம் கூடிவந்த இந்த இடத்திலும் இழப்பீட்டில்தான் வண்டி குடைசாய்ந்தது. முதலில் இரண்டு ஆண்டுக்கான பணம் பலருக்கு வந்தது. பிறகு வரவில்லை. பீலின் வெளிக்கரை உடைந்து அக்கம்பக்கத்து ஊருக்குள் உப்புநீர் புகுந்த சம்பவங்களும் உண்டு. பொறுத்துப் பார்த்த நில உரிமையாளர்கள் கடைசியில் போதும் என்றார்கள். ஓதம் நின்றது. 2020இல் 531 கோடி டாக்காவில் இரண்டாம் கட்டம் தொடங்கிற்று. பெரும்பகுதி தோண்டும் வேலை. தோண்டிய ஆறு மறுபடி மண்ணேறுவதைக் கரையில் நின்றே பார்க்கலாம். வற்ற நேரத்தில் இருபுறமும் புதுச்சேறு பளபளக்கிறது.

மாலையில் பானி கமிட்டிக்காரர்களோடு உட்கார்ந்தேன். நான் ஒரே கேள்விதான் கேட்டேன்: அடுத்த பீல் எது? நான்கு பெயர்கள் வந்தன. எந்தப் பீலின் மக்களோடு பேச்சு முடிந்திருக்கிறது என்று கேட்டபோது ஒன்றும் இல்லை. ஒரு பீல் நான்கைந்து ஆண்டில் நிரம்பும். அதை மூடும் அன்றே அடுத்தது திறக்க வேண்டும். அதற்கு வெளிக்கரை, உள்ளூர்ச் சம்மதம், பட்டா திருத்தம் எல்லாம் மூன்று ஆண்டு முன்பே தொடங்க வேண்டும். எல்லாப் பீல்களும் ஒரு சுற்று முடிக்க ஐம்பது ஆண்டு ஆகும் என்றால் ஐம்பது ஆண்டு நிற்கும் அமைப்பு வேண்டும். திட்டங்களின் ஆயுள் ஐந்து ஆண்டு.

அவர்கள் கேட்பதைக் குறித்துக்கொண்டேன். இழப்பீடு என்ற சொல்லே வேண்டாம், வாடகை என்று ஆண்டுதோறும் முன்பணமாகத் தர வேண்டும். பட்டா தகராறு இருந்தாலும் உழுகிறவர் இன்னார் என்று ஊர்சபை எழுதிக்கொடுத்தால் ஏற்க வேண்டும். கூலிக்காரருக்கும் வாரக்காரருக்கும் கரை வேலையில் முதல் உரிமை, ஓதம் ஓடும் ஆண்டுகளில் பீலில் மீன்பிடி உரிமை. நிலம் உயர்ந்தபின் குறைந்தது சில ஆண்டுகளுக்குக் கேர் போடத் தடை. கடைசிக் கோரிக்கையில் குழுவுக்குள்ளேயே சண்டை வந்தது. கேர் வைத்திருப்பவர்கள் அங்கேயும் இருந்தார்கள். அந்தச் சண்டை நடந்தது நல்லது என்றே நினைக்கிறேன். மக்கள் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மீன்பண்ணைக்காரரும் வாரக்காரரும் ஒருவரல்ல என்பதை வெளியாரும் கேட்க வேண்டும்.

சனி, தாகோப்

கடைசியாகச் சுந்தரவனத்தின் விளிம்பில் உள்ள 32ஆம் போல்டர். படகிலிருந்து பார்த்தால் ஆற்றின் ஒரு கரையில் காடு, மறு கரையில் ஊர். காட்டின் தரைக்கு ஓதம் ஏறுகிறது. ஊரின் தரை கரைக்குப் பின்னால் பள்ளத்தில். அளந்து பார்த்தவர்கள் காட்டைவிட ஊர் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் தாழ்ந்திருக்கிறது என்று கண்டார்கள். கரை போட்டு ஐம்பது ஆண்டில் காடு உயர்ந்தது, வயல் உயரவில்லை. கடல்மட்டம் உயர்வது பற்றி உலகம் பேசுகிறது. இந்த ஊருக்கு அந்த உயர்வுக்கு முன்பே ஒன்றரை மீட்டர் கடன் ஏறிவிட்டது.

2009 மே 25 அன்று ஐலா புயல் கரையைப் பல இடங்களில் உடைத்தது. அடைக்க இரண்டு ஆண்டு ஆயிற்று. அந்த இரண்டு ஆண்டும் ஊர் மொத்தமும் கரைமேல் குடிசை போட்டுக் கிடந்தது. அதே இரண்டு ஆண்டில் ஓதம் உள்ளே விட்டுப்போன மண் சராசரி 37 சென்டிமீட்டர். பேரழிவு வந்த வழியிலேயே மருந்தும் வந்தது. ஆனால் சாவையும் பஞ்சத்தையும் சுமந்து வந்தது. அதே மண்ணை ஆளில்லாத பீலில், கரை போட்டு, வாடகை கொடுத்து, ஒழுங்காக வாங்கலாம் என்பதுதான் டி.ஆர்.எம்.

இங்குள்ளவர்களிடம் உப்புநீரை உள்ளே விடலாமா என்று கேட்பது எளிதல்ல. பக்கத்தில் 22ஆம் போல்டரில் இறால் பண்ணைக்காக உப்புநீர் விடுவதை எதிர்த்து ஊர்வலம் போன கருணாமயி சர்தார் 1990 நவம்பர் 7 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் போல்டரில் இன்றும் உப்பு இறால் இல்லை. உப்புநீர் என்றால் இவர்கள் நினைவுக்கு வருவது வண்டல் அல்ல, பண்ணை முதலாளி. ஓதத்தை ஓரிரு கோடை மாதங்கள் மட்டும் விட்டு, மழையில் உப்பைக் கழுவி, ஆமன் என்னும் மழைக்கால நெல்லைக் காப்பாற்றும் பழைய எட்டு மாதக் கணக்கைப் பற்றிச் சொன்னபோது, தர்பூசணிக்குக் குழி எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் மண்வெட்டியை ஊன்றிக் கேட்டார். அவர் பிழைப்பே அந்தக் கோடை மாதங்களின் தர்பூசணி. எனக்குப் பதில் இல்லாமல் போயிற்று. ஒரே விடை எல்லாப் போல்டருக்கும் பொருந்தாது என்பதை அங்கே நின்றபோது ஒப்புக்கொண்டேன்.

உலக வங்கியின் நிதியில் இங்கே கரையைப் புதிதாக உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அடுத்த புயலுக்கு அது வேண்டும்தான். உள்ளே நிலம் தாழ்ந்துகொண்டே போக, வெளியே கரை உயர்ந்துகொண்டே போனால், உடையும் நாளில் விழும் நீரின் உயரமும் கூடும். 2018இல் அரசு ஏற்ற டெல்டா திட்டம் 2100 ஓத ஆற்று மேலாண்மையையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. எழுதியவர்கள் கபாலியாவுக்கும் பாக்கிமாராவுக்கும் போய், தர வேண்டிய வாடகையை முதலில் தீர்த்துவிட்டு, ஹரிக்கும் கபதாட்சத்துக்கும் அடுத்த இரண்டு பீல்களை இப்போதே குறிக்க வேண்டும். அடுத்த தை மாத ஓதத்துக்குள் அதில் ஒன்றாவது திறந்தால், பபதஹ மதகின் வெளிச்சேறு அந்த ஆண்டே இறங்கத் தொடங்கும். பைனாவில் அதற்குச் சில மாதங்களே ஆயின.